கோட்டுக்கு அந்தப் பக்கம்

காலை ஆறேகாலுக்கு வந்து நின்றது கப்பல்,
போர்ட் சால்மர்ஸ் ஊரையே மறைத்துக்கொண்டு,
தேவாலயக் கோபுரத்தைக் குனிந்து பார்க்கும் உயரத்தில்,
பால்கனிதோறும் ஈரத் துண்டுகளோடு.

எனக்கு வேலை கீழே, கொட்டகையில்.
ஒரு மேசை, ஒரு கத்தி, ஒரு பேரேடு,
ஆப்பிள் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட தொட்டி,
பிறகு மொக்கா.
நான்கு வயது. பீகிள்.
குரைக்க மாட்டாள்.
பைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள்.
அவ்வளவுதான் குற்றச்சாட்டு.

இன்று முதலில் உட்கார்ந்தது
ஒரு பையனின் முதுகுப்பை அருகே:
காலுறைக்குள் அவித்த முட்டை இரண்டு.
அடுத்து, வைக்கோல் தொப்பிக்குள் வாழைப்பழம்.
அடுத்து, கப்பல் முத்திரை போட்ட துணியில்
காதல் கடிதம்போல் மடித்த சலாமித் துண்டுகள்.
வைத்திருந்த பெண்ணின் காதில் முத்து.
"காசு கொடுத்ததுதானே" என்றாள்.

எல்லோரும் சொல்வதுதான்.
பதினான்கு நாள் மலையாகக் குவித்ததை
கொறித்துவிட்டு அப்படியே வைத்துப் போனவர்கள்.
இறங்குகிற காலையில் மட்டும் எப்படியோ
பசி வந்துவிடுகிறது,
நாளைக்கான பசி.

நானும் சொல்வதையே சொன்னேன்:
கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தின்றுவிடலாம்.
வயிற்றில் வந்தால் தடையில்லை.
பையில் வந்தால் நானூறு டாலர்.

தின்றார்கள்.
மணி அடிப்பதற்குள் கடைசிக் கேள்வியை
எழுதித் தள்ளுகிறவர்கள்போல்
ஒருவரையொருவர் பார்க்காமல்.
முட்டைப் பையன் மஞ்சள் கருவை
அம்மாவுக்கு ஊட்டிவிட்டான், அவள் விக்கினாள்.
மொக்காவுக்கு, உட்கார்ந்த கணக்குக்கு, பிஸ்கட் துண்டுகள்.
இந்தக் கொட்டகையில்
கூலியை உடனே தின்னக் கொடுத்துவைத்தவள் அவள் ஒருத்தி.

லிண்ட்குவிஸ்ட் கடைசியில் வந்தார்,
டுலூத்காரர், எண்பதை நெருங்கியவர்.
மழைக்கோட்டின் பைகளிலிருந்து எடுத்து வைத்தார்
பிளம்ஸ். ஒன்று. மூன்று. ஒன்பது.
"யாருக்கு இவ்வளவும்?"
"பஸ் மூன்று மணி நேரம் போகுமாம்."

ராக்ஸ்பர்க்கில் என் நாத்தனாருக்கு
நானூறு அப்ரிகாட் மரங்கள்.
எள்ளளவு ஈ ஒன்று போதும், எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்க.
அதன் பெயரை இருட்டியபின் அந்த வீட்டில்
யாரும் சொல்வதில்லை.
அதனால் சிரிக்காமல் கோட்டைக் காட்டினேன்.

நின்றபடியே தின்ன ஆரம்பித்தார்.
அவசரப்படவில்லை.
வரிசை எல்லாம் போய்விட்டது, பஸ் ஹாரன் அடித்தது.
ஐந்தாவதில் தமாட்டி கடிகாரம் பார்த்தான்.
ஏழாவதை எனக்கு நீட்டினார்.
வேண்டாம் என்று தலையாட்டினேன்,
ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு.
"நல்ல பழமில்லை" என்று சமாதானம் சொன்னார்,
"புளிப்பு."
எட்டாவதையும் ஒன்பதாவதையும்
புளிப்பில்லாதவர்போல் தின்றார்.

மிச்சம் கொட்டைகள்.
"இவற்றையும் விழுங்கவா?" தாடையில் சாறு வழிந்தது.
கையுறைக் கையை ஏந்தினேன்.
யார் யாரிடம் ஏந்துவது என்று
ஒரு நொடி எனக்கே தெரியவில்லை.
ஈரமாக, உடம்புச் சூட்டோடு, ஒவ்வொன்றாக வைத்தார்.
எண்ணாமலே எழுதினேன்: பிளம்ஸ் கொட்டை, ஒன்பது.

மாலையில் கப்பல் நகர்ந்தது,
எதிர்க்கரை மலை ஊருக்குத் திரும்பக் கிடைத்தது.
தொட்டியை நிறுத்தோம்: முப்பத்தொரு கிலோ.
நீராவியில் வேகவைத்து ஆழத்தில் புதைக்க
லாரி வந்து கையெழுத்து வாங்கிப் போனது.

வீட்டில் பூட்ஸைக் கழற்றக் குனிந்தபோது
கால்சட்டை மடிப்பிலிருந்து ஏதோ உதிர்ந்து
சமையலறைத் தரையில் உருண்டு நின்றது.
கருஞ்சிவப்பு. நார் இன்னும் காயவில்லை.

மொக்கா தூக்கம் கலைந்து வந்தாள்.
அதை முகர்ந்தாள்.
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
உட்கார்ந்தாள்.

பிஸ்கட் டப்பாவைத் தேடினேன்.